பழுப்பு உறை

இன்று காலை அம்மாவுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்த சிறிது நேரத்திலேயே, திரையில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியைச் சுற்றி, செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வரைந்த ஒரு சிவப்புக் கட்டம் தோன்றியது.

மருத்துவர் அதைப் பார்த்தார். பிறகு அம்மா நீட்டிய பழுப்பு உறையிலிருந்து பழைய படத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுவிட்டு, "பழைய தழும்புதாம்மா, பயப்படாதீங்க" என்றார்.

வீடு மாறியபோதுகூட அம்மா தூக்கி எறிய மறுத்த உறை அது. (எறியச் சொன்னவன் நான்தான்.)

எக்ஸ்ரே போன்ற படங்களைப் பார்த்து நோயறியும் கதிரியல் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளில், மிஞ்சினால் பத்தாண்டுகளில், இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்று 2016இல் சொன்னவர் ஜெஃப்ரி ஹிண்டன். செயற்கை நுண்ணறிவின் முன்னோடியாகவும் 2024இல் இயற்பியல் நோபல் பெற்றவராகவும் இருந்தும், அன்று மிகப் பொதுப்படையாகப் பேசிவிட்டதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அதற்காக இயந்திரத்தை ஏளனம் செய்வோர் பக்கம் சாயவும் எனக்குத் தயக்கமே. கணினியின் சதுரங்கத் திறனைக் குறைத்துப் பேசிய தத்துவ அறிஞர் ஹியூபர்ட் டிரைஃபஸ், 1967இல் மேக் ஹேக் என்ற நிரலிடமே ஆடித் தோற்றார்.

இன்றைய சிவப்புக் கட்டமும் தவறான இடத்தில் விழவில்லை. தழும்பு அங்கேதான் இருந்தது; அது எத்தனை காலமாக இருக்கிறது என்பதைச் சொல்லும் பழைய படம் மட்டும் இயந்திரத்திடம் இல்லை.

அம்மா புதிய படத்தையும் அதே உறைக்குள் வைத்துக்கொண்டார்.