மரத்தடிச் சிறுநீரிலிருந்து புதிய வைரஸ் வரை

வௌவாலைத் தொடாமலே அதன் வைரஸைத் தேடலாம். பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, விழும் சிறுநீரைச் சேகரித்தால் போதும். மலேசியாவின் தியோமன் தீவில் சுவா காவ் பிங் குழுவினர் இப்படித்தான் மனிதருக்கும் பரவிக் கொல்லும் நிபா வைரஸைத் தேடினார்கள். நிபாவும் கிடைத்தது, யாரும் எதிர்பார்க்காத தியோமன் வைரஸும் கிடைத்தது.

வலை கட்டுவதைவிட எங்களுக்கு இந்த முறையே உசத்தி. விலங்குக்குத் தொல்லை இல்லை, கடிபடும் ஆபத்தும் குறைவு. ஆனாலும் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளாத எவரையும் மரத்தடிக்கு அழைத்துப் போவதில்லை. என்95 முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை, முழு மேலங்கி கட்டாயம்.

இரை தேடப் போன கூட்டம் விடியலை ஒட்டித் திரும்பும்; வந்து தொங்கியதும் சிறுநீர் கழிக்கும். அதனால் இருட்டிலேயே விரிப்பு தரையில் இருக்க வேண்டும். ஓரங்களில் கல் வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் துளிகளை எடுத்துவிடுங்கள், சூடேறினால் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ சிதையும். எச்சம் கலந்த துளி வேண்டாம், பாக்டீரியா பெருகிவிடும். ஒரு விரிப்பின் துளிகள் பல வௌவால்களின் கலவை. எத்தனை சதவீத வௌவால்களுக்குத் தொற்று என்று அதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது.

ஒவ்வொரு மாதிரியையும் அங்கேயே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி, வைரஸைக் கொன்று ஆர்.என்.ஏவைக் காக்கும் லைசிஸ் திரவத்தில். மறுபாதி வைரஸ் கெடாமல் கொண்டுபோகும் ஊடகத்தில் கலந்து, உடனே திரவ நைட்ரஜனில். ஆய்வகம் சேர்ந்ததும் −80 டிகிரியில். −20 டிகிரி ஃப்ரீசரில் நாள்கணக்கில் வைத்தாலோ, உருக்கி உருக்கி உறைய வைத்தாலோ வீரியம் போய்விடும். லைசிஸ் மாதிரியை மட்டும் கொண்டுவந்தால் பி.சி.ஆர் (மரபுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) செய்யலாம், வைரஸை வளர்க்கவே முடியாது.

நிபாவுக்கான பிரைமர் (பி.சி.ஆரில் தேடும் வரிசையோடு ஒட்டும் சிறு மரபுத் துண்டு) நிபாவைத்தான் காட்டும். புதியதைப் பிடிக்க, நிபா அடங்கிய பாராமிக்சோவைரஸ் குடும்பம் முழுவதிலும் அதிகம் மாறாத எல் மரபணுப் பகுதிக்கான பிரைமர் வேண்டும். இது இரண்டு சுற்று பி.சி.ஆர். முதல் சுற்றுக் குழாயைத் திறக்கும்போதுதான் மாசு பரவும். அதற்குத் தனி அறையும், வெறும் தண்ணீர் ஊற்றிய கன்ட்ரோல் குழாய்களும் அவசியம். சிறுநீரில் உள்ள யூரியா பி.சி.ஆர் நொதியைத் தடுக்கக்கூடும். எனவே நெகட்டிவ் வந்தால், ஆர்.என்.ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

வைரஸின் மரபுக் குறியீட்டில் சில நூறு எழுத்துகளின் வரிசை கிடைத்ததுமே புதிய வைரஸ் என்று அறிவிப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. முழு மரபுத்தொகை, அதாவது அந்தக் குறியீடு முழுவதும் வேண்டும். முடிந்தால் உயிருள்ள வைரஸும் வேண்டும். நிபாவின் நெருங்கிய உறவு என்ற சந்தேகம் எழுந்தால் வளர்ப்பு உச்சப் பாதுகாப்பு கொண்ட பி.எஸ்.எல்-4 ஆய்வகத்தில் மட்டும்தான். வழக்கமாகப் பயன்படும் குரங்குச் சிறுநீரகச் செல்களான வெரோ செல்களோடு நிறுத்திவிடாதீர்கள். 2012இல் அறிவிக்கப்பட்ட, நிபாவின் உறவான ஆஸ்திரேலியாவின் சீடர் வைரஸ், கறுப்புப் பழந்தின்னி வௌவாலின் சிறுநீரகச் செல்களில்தான் பிரித்தெடுக்கப்பட்டது. நேரடியாக ஊற்றினால் சிறுநீரே செல்களைக் கொல்லும். நீர்க்கச் செய்து, ஆன்டிபயாட்டிக் சேர்த்து இடுங்கள். செல்கள் ஒன்றோடொன்று உருகிப் பெரிய திட்டுகளானால் வைரஸ் வளர்கிறது என்று பொருள்.

கோத்தெடுத்த மரபுத்தொகையை எண்ணிப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் நீளம் ஆறால் வகுபட வேண்டும்: சீடர் 18,162 எழுத்துகள், மலேசிய நிபா 18,246. மீதி வந்தால் எங்கோ ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறது. முதலில் இரு முனைகளையும், ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடங்களையும் மறுபடி படியுங்கள்.