வீட்டுக்கு வந்த பெரும்புள்ளி

"புள்ளி வெச்ச பூனைதான் வேணும்" என்று மகள் ஆரம்பித்தபோது, பூனை என்றால் கறுப்பு, வெள்ளை, பழுப்பு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதன் நான். மூன்று வாரம் கழித்து, ராத்திரி ஒரு மணிக்கு, ஓசிகேட் என்ற பூனை இனத்தின் புள்ளி கட்டைவிரல் ரேகை வைத்த மாதிரி இருக்குமா, வெறும் வட்டமாக இருக்குமா என்று மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். (கட்டைவிரல்தான். நான் ஜெயித்த ஒரே சண்டை.)

மகனின் ஓட்டு சவானாவுக்கு. ஆப்பிரிக்க செர்வல் காட்டுப்பூனையைக் கலந்து உருவாக்கிய இனம். நெட்டைக் காலும் நிமிர்ந்த காதுமாக நின்ற படத்தை அம்மா உற்றுப் பார்த்தார். "இதை நாம வளர்க்கணுமா, இது நம்மள வளர்க்குமாடா?" சவானா அத்தோடு காலி.

எகிப்திய மௌ மனைவியின் தேர்வு. மணிக்கு 48 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறார்கள். நம் வீட்டுக் கூடத்தில் எங்கே ஓடும் என்று கேட்டேன். பதில் இல்லை. அடிவயிற்றில் தோல் கொஞ்சம் தொங்கும், அது இந்த இனத்தின் லட்சணம் என்று படித்துக் காட்டியவள், என் சட்டையின் கீழ்ப் பொத்தானை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒண்ணு போதும்" என்று அவளே வாபஸ் வாங்கிவிட்டாள்.

நான் ஓசிகேட் கட்சி. பார்வைக்குத்தான் காடு, ரத்தத்தில் ஒரு சொட்டு காடு கிடையாது. 1964இல் அமெரிக்காவில் வர்ஜீனியா டேலி என்பவர் சயாமி, அபிசீனியன் என்ற இரண்டு பூனை இனங்களை வைத்து வேறெதற்கோ முயற்சி செய்யப்போக, எதிர்பாராமல் புள்ளியோடு ஒரு குட்டி பிறந்தது. அதற்கு டோங்கா என்று பேர். தற்செயலாக வந்த பூனை சாதுவாகத்தான் இருக்கும் என்று வாதாடினேன். தற்செயலாக வந்தவன்தான் உன் தம்பி, அவன் சாதுவா என்று அம்மா கேட்டார்.

கடைசியில் மகளின் பெங்கால் வென்றது. ஆசியச் சிறுத்தைப்பூனையை வீட்டுப் பூனையோடு கலந்து ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணி வளர்த்தெடுத்த இனம். இதில் எஃப்1, எஃப்2 என்று தலைமுறைக் கணக்கு உண்டு. கணினியில் எஃப்1 என்பது உதவி கேட்கும் பொத்தான். இங்கே எஃப்1 என்றால் பெற்றோரில் ஒன்று அசல் காட்டுப்பூனை; வாங்கினால் நாம்தான் உதவி கேட்டு ஓட வேண்டும். நாலாம் தலைமுறையும் தாண்டி, காடு மறந்துபோன குட்டியாகத் தேடினோம். தாய் தகப்பனுக்கு இதயம் எப்படி, கண்ணுக்கு வரும் பரம்பரை நோய்க்குப் பரிசோதனை ஆயிற்றா என்று நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, "நம்ம கல்யாணத்துக்கு இவ்வளவு விசாரிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

குட்டியைப் பார்க்கப் போனோம். பத்து வார வயது. தூக்கிக் கையில் கொடுத்தார்கள். புள்ளியைக் காணோம்! பழைய கால்மிதியில் உதிர்ந்த நூல் மாதிரி சாம்பல் முடி உடம்பெங்கும் சிலிர்த்து நின்றது. மகள் முகம் வாடிவிட்டது. நான் செல்பேசி விளக்கை அடித்து முதுகில் தேடினேன். வளர்ப்பவர் சிரித்துக்கொண்டே குட்டியைப் புரட்டிக் காட்டினார். வயிற்றில் மட்டும் கறுப்பு மை தெளித்த மாதிரி ஏழெட்டு. இந்தக் குட்டிகளுக்குக் கொஞ்ச நாள் இப்படி முடி வளர்ந்து புள்ளியை மறைத்துவிடுமாம். காட்டில் குட்டி எதிரி கண்ணில் படாமலிருக்க வந்த ஏற்பாடு என்கிறார்கள். நாலு மாதம் போல ஆனால் தெளிந்துவிடும். "இல்லாத புள்ளியை நம்பி வாங்கிட்டுப் போறோம்" என்று அம்மா வண்டியில் முழு வழியும் புலம்பினார்.

பெயர் பெரும்புள்ளி. கூப்பிடுவது புள்ளி.

பெங்காலுக்குத் தண்ணீர் பிடிக்கும் என்று படித்திருந்தேன். எவ்வளவு பிடிக்கும் என்று யாரும் எழுதவில்லை. வந்த அஞ்சாம் நாள், குளியலறை வாளி விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலால் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தது. சரி, அழகாக இருக்கிறதே என்று படம் எடுக்கக் குனிந்தேன். அது என் செல்பேசியையும் அதேபோல ஒரு தட்டு தட்டியது. உள்ளே போன செல்பேசி குமிழி விட்டதை இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். அப்புறம் அது என்னைப் பார்த்தது, அடுத்து எதைப் போடலாம் என்கிற மாதிரி.

போன வாரம்தான் முதுகில் சாம்பல் முடி உதிர்ந்து, ஓரம் கறுத்து நடுவில் பொன்னிறமான வட்டங்கள் தெரிய ஆரம்பித்தன. பூனையே வேண்டாம் என்ற அம்மா, அது வெயிலில் படுத்திருக்கும்போது மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணுகிறார். இருபத்தேழு வரை வந்தார். புள்ளி புரண்டு படுத்தது.

"அசையாம இருடி" என்று அதட்டிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.