அந்த முறை மாணவனிடம் போய்ச் சேர்ந்ததா?

"எல்லா முறையும் செய்து பார்த்துவிட்டோம், இந்தப் பையனுக்கு எதுவும் பயன்படவில்லை" என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது, அதை உடனே ஏற்றுக்கொள்ளாமல், அவருடைய வகுப்பில் மூன்று நாள் உட்கார அனுமதி கேட்பது என் வழக்கம். ஆய்வுகளில் பலன் தந்ததாக நிறுவப்பட்ட கற்பித்தல் முறைகளை ஆசிரியர்கள் வகுப்பறையில் கையாள உடனிருந்து வழிகாட்டுவதே என் பணி. இந்த வழக்கம் ஒரு நான்காம் வகுப்பில் தொடங்கியது.

எழுத்துக் கூட்டித் தடுமாறி வாசிக்கும் மாணவர்களுக்கான திரும்ப வாசித்தல் முறையை அங்கே கையாண்டுகொண்டிருந்தார்கள். ஆசிரியர் ஒரு பத்தியை வாசித்துக் காட்ட, மாணவர் அதையே மூன்று நான்கு முறை வாசிக்க வேண்டும். தவறும் சொல்லை அந்த இடத்திலேயே திருத்தி, மாணவரையும் சரியாகச் சொல்ல வைத்து, வரியை முதலிலிருந்து வாசிக்கச் செய்ய வேண்டும். முடிவில் ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களை எண்ணி வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஆறு வாரம் கழிந்தும் ஒரு மாணவனின் கோடு மட்டும் ஏறவில்லை. அவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்துவிட்டது.

முறையின் எட்டுப் படிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்து, நடந்த படிகளுக்கு மட்டும் குறியிட்டேன். மூன்று நாளிலும் நான்கு குறிகளுக்கு மேல் விழவில்லை. பையன் ஒரு சொல்லில் நின்றதும் ஆசிரியர் தாமே அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அவன் முகம் வாடிவிடக் கூடாதே என்ற பரிவுதான் காரணம். ஆனால், தவறிய சொல்லைத் தன் வாயால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு அவனுக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

அவருக்கு இந்த முறையில் பயிற்சி வகுப்பு எடுத்தவள் நான்தான். விளக்கினேன், செய்தும் காட்டினேன். அவர் செய்வதைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். வகுப்பறையில் உடனிருந்து வழிகாட்டாத பயிற்சி நடைமுறைக்கு வருவது அரிது என்பதை 1980களிலேயே கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்சும் வலியுறுத்தியிருந்தார்கள். பயிற்சி முடிந்த சில நாள்களிலேயே ஆசிரியர்கள் படிகளை விடத் தொடங்குவதையும், அவர்கள் செய்தவற்றின் கணக்கை அவர்களிடமே காட்டியபோது நிலைமை மேம்பட்டதையும் 1997இல் ஜார்ஜ் நோயலின் ஆய்வுக் குழு பதிவுசெய்தது. படித்திருந்தும் நான் அதன்படி நடக்கவில்லை.

பணியில் சேர்ந்த புதிதில், வகுப்பு முடிந்ததும் ஒன்பது பத்துக் குறைகளை வரிசையாகச் சொல்லிவிடுவேன். இம்முறை எதுவும் சொல்லாமல் தாளை அவர் முன் வைத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "திருத்துற இடத்துல ஒரு குறிகூட இல்லையே மேடம்" என்றார். பிறகு, "நிறுத்தித் திருத்தினா மத்த பிள்ளைங்க திரும்பிப் பார்க்கிறாங்க, அவன் கூசிப்போயிடறான்" என்றும் சொன்னார். அது நியாயமான காரணம். விடுபடும் ஒவ்வொரு படிக்குப் பின்னாலும் இப்படி ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்காமல் படியை மட்டும் வலியுறுத்தினால் நாம் பார்க்கும் நாளில் மட்டும் அது நடக்கும்.

இருக்கையை அறையின் மூலைக்கு மாற்றினோம். இடம், நேரம், பத்தி ஆகியவற்றை ஆசிரியர் தம் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். திருத்தும் படியைக் கைவிட்டால் அது வேறு முறையாகிவிடும். பின்பு நான் மாணவனாக அமர்ந்து வேண்டுமென்றே தவறாக வாசிக்க, அவர் மூன்று நொடி காத்திருந்து, சொல்லைச் சொல்லி, என்னைச் சொல்ல வைத்து, வரியைத் தொடங்கச் செய்தார். அந்த மூன்று நொடி மௌனம்தான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்ததை அவரிடம் சொன்னபோது, "அப்போ எல்லாரும் இப்படித்தானா?" என்று முதன்முறையாக இயல்பாகச் சிரித்தார். பத்துப் பன்னிரண்டு முறை செய்த பிறகு தயக்கம் போயிற்று.

இடையில் தலைமையாசிரியர் அந்தக் குறித்தாள்களைக் கேட்டார். தர மறுத்தேன். மதிப்பிடுபவராக என்னைப் பார்க்கத் தொடங்கினால், எந்த ஆசிரியரும் தம் இயல்பான வகுப்பை எனக்குக் காட்ட மாட்டார்.

வகுப்பறை வழிகாட்டல் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வு, கற்பித்தலில் 0.49 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) மாணவர் அடைவில் 0.18 திட்ட விலக்கமும் முன்னேற்றம் கண்டது. வழிகாட்டல் திட்டத்தில் சேரும் ஆசிரியர்கள் பெருகும்போது பலன் குறைகிறது என்பதையும் அது காட்டியது. ஒருவருக்கே இத்தனை நேரம் தேவைப்படுவதைப் பார்த்த எனக்கு அது வியப்பளிக்கவில்லை.

இரண்டாம் வாரம் ஏழு குறிகள் விழுந்தன. நான்காம் வாரம் ஐந்தாகக் குறைந்தன. மறுபடியும் உட்கார்ந்து பேசினோம். பையனின் கோடு ஏறியது, மற்றவர்களைவிட மெதுவாகவே. முறை முழுமையாக நடந்த ஆறு வாரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அவனுக்கு மேற்கொண்டு மதிப்பீடு வேண்டுமா என்று அதன் பிறகே பேசத் தொடங்கினோம்.