ஷெட்டில் நின்ற 7 வண்டியும் நான் போட்ட கணக்கும்

42 லாரி ஓடும் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் டிரைவர் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த அன்று, 7 வண்டி ஆளில்லாமல் ஷெட்டில் நின்றது. நான் கணக்குப் பிரிவு ஆள். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "ஆள் பிடிக்கிற வேலைதானே, உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு முதலாளி போய்விட்டார்.

முதல் ஆறு மாதம் அவர் சொன்னபடியே ஆள் பிடித்தேன். விளம்பரம், லைசென்ஸ் சரிபார்ப்பு, பழைய கம்பெனிக்கு ஒரு போன், ஓட்டிக் காட்டச் சொல்வது, சேர்ப்பது. வந்தார்கள். வந்த வேகத்திலேயே போனார்கள். மாதக் கடைசியில் எண்ணினால் ஷெட்டில் அதே 7, சில மாதம் 8.

ஒருநாள் சாயங்காலம் செட்டில்மென்ட் ஃபைலை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய ஓராண்டில் சேர்ந்தவர்கள் 31 பேர். அவர்களில் விலகியவர்கள் 19. அந்த 19 பேரில் 13 பேர் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் நெடுந்தூர லோடு ஓட்டும் பெரிய கம்பெனிகளில் டிரைவர் மாறும் விகிதம் பல ஆண்டுகள் 90 சதவீதத்தை ஒட்டியே இருந்தது என்று எங்கோ படித்து, நம் கதை தேவலை என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. 90 சதவீதம் என்றால் பத்தில் ஒன்பது பேர் போகிறார்கள் என்று அர்த்தமில்லை. பழைய ஆட்கள் அசையாமல் இருப்பார்கள். சில சீட்டில் மட்டும் ஒரே வருடத்தில் மூன்று பேர், நான்கு பேர் மாறுவார்கள். எங்களிடமும் அப்படித்தான். 30-க்கும் அதிகமான வண்டிகளில் எந்தப் பிரச்சினையும் இல்லை.

விலகிய 19 பேருக்கும் போன் போட்டேன். 8 பேர் எடுக்கவில்லை, அல்லது எடுத்துத் திட்டினார்கள். மற்ற 11 பேர் பேசினார்கள். சம்பளம் பத்தவில்லை என்பார்கள் என்று நினைத்தேன். ஒருவர் கேட்டது வேறு: "ரேட்டு நல்ல ரேட்டுதான் சார். நீங்க சொன்ன கிலோமீட்டர் எங்க சார் ஓடுச்சு?"

எங்கள் சம்பளம் கிலோமீட்டர் கணக்கு. "மாதம் இவ்வளவு ஓடலாம்" என்று நான் சொல்லிவந்த எண், எங்களிடம் நன்றாக ஓட்டும் டிரைவரின் நல்ல மாதத்து எண். பொய் இல்லை. ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது அமையவே அமையாது. நல்ல ரூட்டெல்லாம் பழைய ஆட்கள் கையில். புதியவருக்கு வருவது, அன்லோடுக்கு மணிக்கணக்கில் காக்க வைக்கும் குடோன்கள். சக்கரம் உருளாத நேரத்துக்குக் காசு கிடையாது. ஜிபிஎஸ் பதிவில் ஒரு மாதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளரின் கேட்டில் எங்கள் வண்டிகள் நின்ற சராசரி நேரம் 5 மணி நேரத்துக்கு மேல்.

டிரைவர் பாவம் என்று போய் நின்றால் முதலாளி கேட்க மாட்டார், விபத்து என்றால் கேட்பார். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-ல் வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொண்டு போனேன். லோடு ஏற்றி இறக்கும் இடத்தில் சராசரியாக நிற்கும் நேரம் 15 நிமிடம் கூடினால் எதிர்பார்க்கும் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்கிறது அது. கேட்டில் விட்ட நேரத்தை ரோட்டில் பிடிக்கப் பார்த்தால் வேறென்ன நடக்கும்? இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் டிரைவருக்குக் காத்திருப்புக் காசு, அதை வாடிக்கையாளர் பில்லில் சேர்ப்பது என்று முடிவானது. அந்த 5 மணி நேரக்காரர் கொடுக்க மறுத்தார். அவருக்கு வண்டி அனுப்புவதைக் குறைத்தோம்.

இன்னொருவர் ஒன்பதாம் நாளே போனவர். காரணம் கேட்டால், "அந்த வண்டியில நீங்க ஒரு டிரிப் உக்காந்து பாருங்க" என்று வைத்துவிட்டார். சரி என்று, அதே வண்டியில் வேறொரு டிரைவரோடு 200 கிலோமீட்டர் போனேன். நான் பக்கத்துச் சீட்டில். பாதி வழியில் ஒரு ஹால்ட்டில் அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் ஏர் பை எப்போதோ கிழிந்திருக்கிறது. சீட் கீழே இறங்கி உட்கார்ந்துவிட, அவர் இரண்டு சாக்கை மடித்துப் போட்டு உயரம் ஏற்றியிருந்தார். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பதில் ஒரு ஸ்பேனர். "இதை யாரும் எழுதிக் கொடுக்கலையாண்ணே?" என்றேன். "எழுதிக் கொடுத்தவன் எல்லாம் இப்ப வேற வண்டியில இருக்கான்" என்றார்.

விஷயம் இதுதான். யாரும் வேண்டாம் என்று தள்ளிய வண்டி ஷெட்டில் நிற்கும், புதிதாகச் சேர்கிறவர் கையில் அதன் சாவியைக் கொடுப்போம். அந்த சீட்டைச் சரிசெய்ய ஆன செலவு, நான் ஒருமுறை விளம்பரத்துக்குச் செலவழித்ததைவிடக் குறைவு. இதை முதலாளியிடம் சொல்லவில்லை. விளம்பரம் கொடுத்தது நான்தானே.

வீட்டுக்குப் போகும் தேதிதான் பெரிய தலைவலி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஆகஸ்ட் முதல், டிரைவர் நான்கு வாரத்துக்குள் வீட்டுக்கோ கம்பெனி இடத்துக்கோ திரும்பும்படி கம்பெனி வேலையை அமைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 45 மணி நேர வார ஓய்வை கேபினுக்குள் கழிக்க விடவும் கூடாது. நாங்கள் செய்தது சிறியது: டிரிப் ஷீட்டில் திரும்பும் தேதியை முதலிலேயே எழுதினோம். முதல் மாதமே பாதித் தேதிகள் தவறின. எந்த வண்டிக்கு எந்த லோடு என்று ஒதுக்கும் பையனுக்கு ஊக்கத்தொகை லோடு எண்ணிக்கையை வைத்துத்தான். திரும்பி வருகிறவரை மடக்கி "இன்னும் ஒரே ஒரு லோடுண்ணே" என்று கெஞ்சாமல் இருக்க அவனுக்கு என்ன பைத்தியமா? தேதி தவறினால் அவன் ஊக்கத்தொகையில் பிடித்தம் என்று மாற்றினோம். 42 வண்டியையும் இப்படி லோடு ஒதுக்கும் மூன்று பேர் சேர்ந்து பார்ப்பதை நிறுத்தி, ஆளுக்கு 14 டிரைவர் என்று பிரித்தோம். ராத்திரி 2 மணிக்குத் தூங்குகிறவரை எழுப்பி "எங்கண்ணே இருக்கீங்க?" என்று கேட்பது மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

ஆள் எடுப்பதிலும் கொஞ்சம் மாறினேன். முன்பு ரிவர்ஸ் எடுக்கிற லாவகத்தைப் பார்த்து மயங்குவேன். இப்போது சாவியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன். சிலர் நேராக ஏறி ஸ்டார்ட் செய்வார்கள். போன மாதம் வந்தவர் வண்டியை ஒரு சுற்று வந்தார், டயரைத் தட்டினார், குனிந்து, பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கின் வால்வைத் திறந்து தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தார், அப்புறம்தான் ஏறினார். அவருடைய ரிவர்ஸ் சுமார்தான். எடுத்துக்கொண்டேன்.

சொதப்பியதும் உண்டு. வருடம் முடித்தால் போனஸ் என்று அறிவித்தோம். போனஸ் வாங்கிய மறுவாரம் இரண்டு பேர் போனார்கள். "ஒரிஜினல் லைசென்ஸை வாங்கி வச்சுக்கலாமே" என்று ஆபீஸில் ஒருவர் யோசனை சொன்னார். அவரிடம் பதில் சொல்லவில்லை.

இன்றைக்கு ஷெட்டில் நிற்பது 2 வண்டி. ஒன்றுக்கு டிரைவர் வேண்டும். மற்றதற்கு கியர் பாக்ஸ்.