நாங்கள் எத்தனை பேர்

2008 செப்டெம்பர் 16, கிளிநொச்சி

ஐ.நா.வின் வெள்ளை வாகனங்கள் இன்று போய்விட்டன. நாலு நாளாக அந்தக் கேற்றடியில் சனம் குந்தியிருந்து மறித்தது. மடத்துச் சிஸ்டர்மார் நாங்களும் போய் இருந்தோம். நீதி சமாதானக் குழுவின் பெயரில் கடிதமும் கொடுத்தோம். சனம் சோறு கேட்கவில்லை, மருந்து கேட்கவில்லை. "நீங்கள் இருங்கோ, அது காணும்" என்றுதான் கேட்டது. வெளியாள் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அடிக்கிறவன் கொஞ்சமாவது யோசிப்பான். அந்த ஒரு நம்பிக்கையும் இன்று ஏ-9 வீதியால் வவுனியாப் பக்கம் போய்விட்டது.

இரவு மதர் எங்களைக் கூப்பிட்டு, ஆர் ஆருக்குப் போக விருப்பம் என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அப்ப படுங்கோ" என்றார்.

நவம்பர் 26, தர்மபுரம்

ஓயாத மழை. புயலாம். பங்கருக்குள் இடுப்பளவு தண்ணீர். நேற்று வெட்டிய மலக்குழியும் கிணறும் ஒன்றாகிவிட்டன. தறப்பாளுக்குக் கீழே பாய்கள் மிதக்கின்றன. மழைக்குள் கிபிர் விமானம் வராது என்கிறார்கள். அதனால் ஒருவரும் மழையைத் திட்டவில்லை.

டிசெம்பர் 25

விடிய முன்னமே பூசை முடிந்தது. மெதுவாகப் பாடுங்கோ என்றார் சுவாமி. மேலே வண்டு என்கிற வேவு விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பாட்டுக் கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும், என்றாலும் மெதுவாகவே பாடினோம்.

2009 ஜனவரி 3

கிளிநொச்சி விழுந்துவிட்டது என்று வானொலி சொன்னது. மடத்துக் கிணற்றடியில் வைத்த செவ்விளநீர்க் கன்றை நினைத்தேன். வேறொன்றும் நினைவில் வரவில்லை.

ஜனவரி 24, உடையார்கட்டு

மூன்று நாளுக்கு முன்னர் இந்த இடத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள். கேட்ட சனம் முழுக்க வந்து சேர்ந்தது. லான்ட்மாஸ்டரில், சைக்கிளில், தலையில் சுமந்துகொண்டு. ஓர் அம்மா ஆட்டுக்கல்லைக்கூட விடாமல் கொண்டுவந்திருந்தா.

இன்று விடிய, சாப்பாட்டுச் சாமான் கொடுக்கிற இடத்தைச் சுற்றிச் செல் குண்டு விழுந்தது. வலயத்துக்குள். வேறெங்கும் இல்லை, வலயத்துக்குள்.

பொழுது ஏறும்வரை பங்கரை விட்டு வெளிக்கிட முடியவில்லை. பிறகு போனோம். பார்த்ததை இதில் எழுதப்போவதில்லை. அதற்கு வேறு கொப்பி வைத்திருக்கிறேன். கோவிலின் அடக்கப் பதிவேடு இடம்பெயரும்போது தொலைந்துவிட்டது. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் நானே கோடு போட்டேன். பெயர், வயது, ஊர், அடக்கம் செய்த இடம். கடைசிக் கட்டத்துக்கு என்ன தலைப்பு என்று நெடுநேரம் யோசித்து, "எப்படி" என்று போட்டேன்.

இரவு செபத்தில் 91ஆம் திருப்பாடல். உன் பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை எதுவும் அணுகாது என்ற இடம் வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. விழுந்த ஆயிரம் பேர் ஆர்? அவர்களுக்கும் ஒரு தாய் இதே பாட்டைச் சொல்லியிருக்க மாட்டாளா? மதர் தனியாகவே சொல்லி முடித்தார்.

ஜனவரி 25

இன்று ஒன்பது பெயர்.

பெப்ரவரி 4, இரணைப்பாலை

புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியைக் காலிசெய்துவிட்டார்கள். ஒரு கிழமைக்குள் திரும்பத் திரும்ப அடி. கூரையில் செஞ்சிலுவை அடையாளம் இருந்தது. காயக்காரரைப் புதுமாத்தளன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நாங்களும் பின்னால் போகவேண்டும். சேலைன் போத்தலைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி ஒரு பெடியன் ட்ரக்டர்ப் பெட்டியில் நின்றுகொண்டே போனான். தகப்பன் கீழே கிடந்தார். அவ்வளவு தூரமும் அவன் கை தாழவில்லை.

பெப்ரவரி 10, மாத்தளன்

கப்பல் வந்தது! கரைக்குக் கிட்ட வர முடியாமல் கடலுக்குள் நிற்கிறது. மீன்பிடி வள்ளங்களில் காயக்காரரை ஏற்றிக்கொண்டுபோய்ச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவான ஐ.சி.ஆர்.சி. ஆட்களிடம் கொடுக்கிறோம். திருகோணமலைக்குப் போகுமாம். எல்லோரையும் ஏற்ற இடமில்லை. டாக்குத்தர்மார் எழுதிய துண்டு உள்ளவர் மட்டும். துண்டு கிடைக்காத தாய் ஒருத்தி என் காலைப் பிடித்துவிட்டாள். "சிஸ்டர், நான் வேண்டாம், பிள்ளையை மட்டும் ஏத்திவிடுங்கோ." ஏற்றினேன். பிள்ளைக்கு நாலு வயதிருக்கும். சட்டைக்குள் பெயரும் தாயின் பெயரும் எழுதிய கடதாசியைக் குத்திவிட்டேன். வள்ளம் போன பிறகுதான் தகப்பன் பெயரை எழுதாமல் விட்டது நினைவுக்கு வந்தது. இப்போதுவரை அதே யோசனை.

பெப்ரவரி 17

நாங்கள் எத்தனை பேர்? கொழும்பு சொல்கிறது 70,000 என்று. எங்கள் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் கணக்கு 3 இலட்சத்துக்கு மேல். கிராம அலுவலரான விதானைமார் குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு தறப்பாள் தறப்பாளாகப் போய் எடுத்த கணக்கு அது. அவர்களோடு நானும் இரண்டு நாள் நடந்திருக்கிறேன். ஒரு தறப்பாளுக்குக் கீழே மூன்று குடும்பம். கணக்குப் பிழைக்க இடமில்லை.

70,000 என்றால் 70,000 பேருக்கான அரிசிதான் கப்பலில் வரும். அதுகூட முழுதாக வருவதில்லை. மிச்சப் பேர் கணக்கில் இல்லை, ஆகவே அவர்களுக்குப் பசியும் இல்லை. நாளைக்கு அவர்கள் செத்தாலும் செத்ததாக எழுத வேண்டியதில்லை. இல்லாதவர்கள் எப்படிச் சாவார்கள்? இந்தக் கணக்குத்தான் எனக்குச் செல்லைவிடப் பயமாக இருக்கிறது. எழுதும்போதே கை நடுங்குகிறது. யாருக்காக எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

12ஆம் திகதி புது வலயம் அறிவித்திருக்கிறார்கள். 14 சதுர கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நந்திக்கடல், நடுவில் மணல். இவ்வளவு சனமும் இதற்குள்.

பெப்ரவரி 25, திருநீற்றுப் புதன்

போன வருடத்துக் குருத்தோலை ஒன்றும் கையில் இல்லை. எரிந்த கொட்டில் ஒன்றின் சாம்பலை எடுத்து மந்திரித்தார் சுவாமி. மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று ஒவ்வொரு நெற்றியிலும் பூசிக்கொண்டு வந்தவர், ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்ற இடத்தில் அதைச் சொல்லவில்லை. சும்மா பூசிவிட்டுத் தலையில் கை வைத்தார்.

மார்ச் 5

மணலில் பங்கர் நிற்காது. வெட்ட வெட்டச் சரியும். தென்னங்குற்றி போட்டு மூடினாலும் பக்கம் இடிந்து விழும். ஆட்கள் உயிரோடு மூடப்பட்டதை இரண்டு தரம் கண்டுவிட்டேன். மண்மூட்டை அடுக்கினால்தான் தப்பலாம். உரப்பை எப்போதோ முடிந்துவிட்டது.

அதனால் பெண்கள் சேலைகளைக் கிழிக்கிறார்கள். இன்று பின்னேரம் முழுக்க அம்மாச்சியின் பக்கத்தில் இருந்து தைத்தேன். சேலையைக் குறுக்கே நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மடித்து இரண்டு பக்கமும் கைத்தையல் போட்டால் ஒரு பை. நைலெக்ஸ் வழுக்கும், மண் ஒழுகும். பருத்தி நல்லம், ஆனால் கெதியாய் உக்கிவிடும். பட்டுத்தான் திறம். அம்மாச்சி தன் கூறைச்சேலையை எடுத்து மடியில் வைத்திருந்தா. அரக்குச் சிவப்பு, சரிகை கறுத்திருந்தது. கொஞ்ச நேரம் கரையைத் தடவினா. பிறகு பல்லால் கடித்து நூலை அறுத்து, "பிடி பிள்ளை மற்றத் தலைப்பை" என்றா. கிழிந்த சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது.

நாலு பை வந்தது. பங்கர் வாசலில் வைத்திருக்கிறோம். சரிகை வெளியில் தெரிகிறது.

மார்ச் 6

வண்டு.

மார்ச் 19

பாடகர் குழுவில் இருந்த பிள்ளையைப் புலிகள் இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. வயது 16. பங்கருக்குள் தாய் அவளுக்கு மேலே படுத்திருந்தாவாம். தாயைத் தூக்கி எறிந்துவிட்டு இழுத்துப் போனார்கள். சுவாமி ஓடிப்போய் வாகனத்தின் முன்னால் நின்றார். தள்ளிவிட்டார்கள்.

எங்கள் சனத்துக்காகப் போராடுகிறோம் என்று சொல்லி எங்கள் சனத்தின் பிள்ளையை இழுத்துப் போவதை நான் எந்தச் செபத்தில் வைப்பேன்? நாங்கள் இருபது வருடம் சமாதானம் பேசியது அரசாங்கத்துக்கு மட்டும் பேசியதல்ல.

தாய் இரவு வந்து கேட்டா, "சிஸ்டர், அவளின்ர பேரைக் கொப்பியில எழுதிப்போட்டியளோ?" இல்லை என்றேன். "எழுதாதேங்கோ." பிறகு கொஞ்சம் பொறுத்து, "எழுதாட்டி ஆருக்குத் தெரியும் எனக்குப் பிள்ளை இருந்தது?"

மார்ச் 27

நந்திக்கடலால் இரவில் கடக்கப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். காயங்களைக் கழுவிக்கொண்டிருந்த மதர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காயம் முதுகில். ஆமி இருப்பது முன்னுக்கு.

"எப்படி" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று சுவாமியிடம் கேட்டேன். "கண்டதை எழுது. ஆர் செய்தாலும் கண்டதை எழுது" என்றார். எழுதினேன். பிறகு கொப்பியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். பானையில் அரிசி இல்லை.

ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு

குருத்து வெட்ட ஒரு தென்னையிலும் தலை இல்லை.

ஏப்ரல் 8

பொக்கணையில் பால்மா கொடுத்தார்கள். விடியவே தாய்மார் வரிசை. நான் போக வெளிக்கிட்டேன். ஒரு காயக்காரருக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டதால் நின்றுவிட்டேன். வரிசையில் செல் விழுந்தது.

கட்டு அவிழ்ந்ததால் நான் இருக்கிறேன். இதற்கு நன்றி சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

ஒருத்தி கையில் அட்டையை இறுக்கிப் பிடித்தபடி கிடந்தாள். பால்மா வாங்கும் அட்டை. பிள்ளைகளின் பெயர் அதில் இருந்ததால் எழுதுவதற்குச் சுகமாக இருந்தது. சுகமாக இருந்தது என்றா எழுதினேன்? அழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை செய்யவில்லை. காலை இருந்து பொழுதுபடும்வரை குழி வெட்டினோம்.

ஏப்ரல் 12

உயிர்த்த ஞாயிறு. புத்தாண்டுக்காக நாளையும் மறுநாளும் அடி இருக்காது என்று அறிவிப்பு. சனம் கடற்கரையில் குளிக்கிறது. ஒருவரோடு ஒருவர் சத்தமாகப் பேசுகிறார்கள். எனக்கு மட்டும் ஏனோ கோபம். இரண்டு நாள் நிறுத்த முடியுமென்றால் மூன்றாம் நாளும் நிறுத்த முடியும் அல்லவா?

கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் கொஞ்சம் கிடைத்தது. மதர் தன் பங்கை அம்மாச்சிக்குக் கொடுத்துவிட்டுச் சுடுதண்ணீர் குடித்தார்.

ஏப்ரல் 15, பொக்கணை

கொப்பியைத் திருப்பிப் பிடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து இன்னொரு பட்டியல் தொடங்கியிருக்கிறேன். பக்கத்துப் பங்கர்ப் பெடியன்தான் காரணம். பத்து வயது. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சிஸ்டர், செத்தாத்தானோ எழுதுவியள்?"

"ஏன் தம்பி?"

"இல்ல, இப்பவே எழுதினா என்ன எண்டு. நாங்கள் இருக்கிறம்தானே."

எழுதினேன். அவன் பெயர், இரண்டு தங்கச்சிமார், தாய். அவன் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இருட்டும்வரை வந்துகொண்டே இருந்தார்கள். வேண்டிய பெயரை எழுதலாம் என்று நினைத்து, வெளிநாட்டில் இருக்கிற மகனையும் சொன்னார் ஓர் ஐயா. எழுதினேன். 70,000 என்று சொன்னவர்கள் வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

பாடகர் குழுப் பிள்ளையின் தாயும் வந்தா. நான் கேட்காமலே மகளின் பெயரை இந்தப் பக்கத்தில் எழுதினேன். இருக்கும் இடம் என்ற கட்டத்தை விட்டுவிட்டேன். அவ குனிந்து பார்த்தா. எழுத வாசிக்கத் தெரியாது. விரலை வைத்து, "இதோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். விரலை எடுக்காமல் நெடுநேரம் இருந்தா.

ஏப்ரல் 17

முன்னாலும் எழுதுகிறேன், பின்னாலும் எழுதுகிறேன். நடுவில் ஏழு தாள்.

ஏப்ரல் 19, இரவு

மாத்தளன் பக்கம் பொழுதுபட்டதிலிருந்து சத்தம் ஓயவில்லை. வெளிச்சக்குண்டு மேலே தொங்கும்போது எழுதுகிறேன், அணைந்ததும் நிறுத்துகிறேன். மதருக்குக் காய்ச்சல், பனடோல் இரண்டு இருந்தது, ஒன்று கொடுத்தேன். ஆமி மண் அணைக்குக் கிட்ட வந்துவிட்டது என்கிறார்கள். இல்லை, இயக்கம் மறிக்கும், ஒருவரையும் விடாது என்கிறார்கள். தண்ணீருக்குள்ளால் போகவேண்டி வந்தால் கொப்பி நனையக்கூடாது. இரண்டு சொப்பிங் பைக்குள் சுற்றி, மதரின் பழைய முக்காட்டுத் துணியால் வயிற்றோடு கட்டவேண்டும். மதரை ஆர் தூக்குவது? பெடியனின் தாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

இந்தப் பங்கருக்குள் இப்போது பதினேழு பேர். எல்லோரையும் பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். புதிதாக வந்த பெண்ணின் கைக்குழந்தை, பன்னிரண்டு நாள். பெயர் என்ன என்று கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம், முப்பத்தோராம் நாளுக்கு வைக்க இருந்தார்களாம். "நீங்களே ஒண்டு சொல்லுங்கோ சிஸ்டர்" என்றாள். தகப்பனும் சேர்ந்து வைக்கிற பெயர்தானே, அவர் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார், வரட்டும் என்றேன்.

ஒரு வரி விட்டிருக்கிறேன்.