தூங்குமூஞ்சி மரமும் ஹாக் மாத்தும்: ஒரே அந்தி, இரண்டு டார்ச்

தூங்குமூஞ்சி மரம் எப்போது இலை மடிக்கிறது, ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சி எப்போது இறகை உதறுகிறது என்பதை ஒரே மாலையில் அளப்பதுதான் வேலை. புதுச்சேரியில் ஜூன் கடைசியில் 6.35-ஐ ஒட்டிப் பொழுது சாய்கிறது. நவம்பர் கடைசியில் 5.40-ஐ ஒட்டி. ஆகவே மணியை மட்டும் குறித்தால் பின்னால் உதவாது. சூரியன் மறைய எத்தனை நிமிடம் முன், மறைந்து எத்தனை நிமிடம் பின் என்று எழுதுங்கள்.

வீதி மரம் வேண்டாம், எல்இடி கம்பம் கணக்கைக் கெடுக்கும். தொட்டிக் கன்றே சரி. பிசுபிசுத்த நெற்றிலிருந்து விதையெடுத்துக் கழுவி, முளை வரும் முனையை விட்டு மறுபக்கத் தோலை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி ஓர் இரவு ஊறவிட வேண்டும். கிள்ளாத விதை கல் மாதிரி கிடக்கும். ஒரு ஜோடி சிற்றிலையில் மார்க்கர் புள்ளி வைத்து, நுனிக்கு நுனி தூரத்தை 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கேலால் அளக்கலாம். ஒடித்த கிளையில் அளக்காதீர்கள். இலையடி அதைப்பில் (காம்படியில் வீங்கியிருக்கும் மூட்டில்) பொட்டாசியமும் தண்ணீரும் இடம் மாறித்தான் இலை மடிகிறது; ஒடித்த கிளையில் வாடலைத் தூக்கம் என்று எழுதிவிடுவோம்.

பூச்சி, அக்ரியஸ் கன்வால்வுலை என்ற ஹாக் மாத். வாலில் கொம்புள்ள புழு, சர்க்கரைவள்ளியிலும் கடற்கரை அடம்பங்கொடியிலும் கிடைக்கும். தின்பதை விட்டு அலையத் தொடங்கியதும் 15 செ.மீ. ஆழ ஈர மணலில் விடலாம். கூட்டுப்புழுவின் முன்னால் ஜாடிக் கைப்பிடி போல் வளைந்திருப்பது உறிஞ்சுகுழலின் உறை, அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வலைக்கூண்டில் சொரசொரப்பான குச்சி ஒன்று சாய்த்து வையுங்கள். கூட்டிலிருந்து வெளிவந்த பூச்சிக்கு ஏறித் தொங்க இடமில்லாவிட்டால் இறகு சுருங்கியே காய்ந்துவிடும். பறக்குமுன் நெஞ்சுத் தசையைச் சூடேற்ற இறகை நடுக்கும். அந்த நிமிடத்தைத்தான் குறிக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது டார்ச்சில். பூச்சிக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, அதனால் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் கூண்டுக்குப் பொருத்தம். அதையே கன்றின் மேல் அடித்தால் போச்சு: இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற ஒளியுணர் நிறமி சிவப்பொளியைத்தான் பிடிக்கிறது, மடியும் வேகமே மாறிவிடும். கன்றுக்கு மங்கலான பச்சை, அதுவும் ஓரிரு நொடி. அந்தப் பச்சை பூச்சியின் கண்ணுக்கு நன்றாகவே தெரியும் என்பதால் கூண்டையும் தொட்டியையும் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது.

மரம் வெளிச்சம் இருக்கும்போதே மடியத் தொடங்கும், பூச்சி இருட்டிய பிறகே நடுங்கும். மேகம் கவிந்தால் இலை இன்னும் முன்னாலேயே மடியும். அந்த நாளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். கன்றைக் கறுப்புத் துணியால் முழுக்க மூடினாலும் மறுநாள் காலை இருட்டுக்குள்ளேயே இலை விரியும். போகப்போக அந்த அசைவு மங்கும், எனவே இரண்டு நாளில் அளந்து முடித்துத் தொட்டியை வெளியே வைத்துவிடலாம்.