நிமிடத்துக்கு 40 சுற்று

இந்த நாட்டுக்குக் கிளம்பியபோது ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டிகள் கொண்டுவரலாம் என்றார்கள். என் பங்கில் ஏறத்தாழ நான்கரைக் கிலோவை அப்பாவின் இசைத்தட்டுகளே தின்றுவிட்டன. பதினேழு எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் வினைல்) தட்டுகள், இரண்டு பழைய 78 தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை). "போட்டுக் கேட்க ஒன்றும் இல்லாமல் இதை எதற்குடா சுமக்கிறாய்?" என்று அண்ணன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். கனத்த ஸ்வெட்டர்கள் இரண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டுத் தட்டுகளை உள்ளே வைத்தேன். வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில் அதற்கான தண்டனையையும் அனுபவித்தேன்.

இரண்டு வருடம் அவை துணி அலமாரியின் மூலையில் செங்குத்தாக நின்றன. படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது வளைந்துவிடும் என்பது அப்பா சொல்லித்தந்த பாடம். வேலை, வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் என்று அந்த இரண்டு வருடங்கள் எப்படிப் போகும் என்பது இதைப் படிக்கும் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான்.

பிறகு தட்டுகளைச் சுழற்றிப் பாட வைக்கும் டர்ன்டேபிள் ஒன்றைத் தேடத் தொடங்கினேன். புதிதாக விற்கும் சூட்கேஸ் மாதிரிக் குட்டி பிளேயர்கள் பார்க்க அழகு. ஆனால் அவற்றில் பலவற்றின் ஊசி ஐந்து கிராம் அளவுக்குத் தட்டை அழுத்தும். ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ் நல்லதாக இருந்தால் ஒன்றரை முதல் இரண்டு கிராம் போதும். அப்பாவின் தட்டை அந்தக் கலப்பையின் கீழ் கொடுக்க மனம் வரவில்லை. பெயர்பெற்ற பழையவற்றைப் பார்த்தால், 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2 இன்னும் கல் மாதிரி ஓடுகிறது. அதற்கேற்ற விலையும் கேட்கிறார்கள். காரார்டு 301 பற்றிப் பேசவே வேண்டாம், அது இப்போது சேகரிப்பாளர்களின் சொத்து. ஸ்பிரிங் மேல் மிதக்கும் தோரன்ஸ் டி.டி. 160 எனக்குப் பிடித்திருந்தது. பார்க்கப் போவதற்குள் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஜெர்மன் தயாரிப்பு, 1970களைச் சேர்ந்தது, "நன்றாக ஓடுகிறது, கை மட்டும் சிக்கிக்கொள்கிறது" என்று போட்டிருந்தது. ஊசியைத் தாங்கும் கை சிக்குவது பெரும்பாலும் கிரீஸ் காய்ந்து பிசினாகிப் போவதால்தான் என்று அதற்குள் படித்து வைத்திருந்தேன். அப்பாவின் தட்டு ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பழைய டர்ன்டேபிள் பார்க்கப் போகிறவர்கள் தங்களுக்கு மனப்பாடமான தட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். விற்பவரின் தட்டில் எது பாட்டு, எது பழுது என்று நமக்குத் தெரியாது.

விற்றவர் அறுபதை நெருங்கியவர். வீட்டின் நிலவறையில் அந்தப் பெட்டி அவருடைய அப்பாவின் மேசைமேல் இருந்தது. அப்பா ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தாராம். அப்போது இவர் சிறு பையன். சுழல்தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வழுவழுவென்று ஓடி, வெகுநேரம் கழித்து நின்றது. தானியங்கிப் பொத்தானைத் தொடாமல் கையைத் தூக்கி என் தட்டின் மேல் நானே வைத்தேன்.

பாட்டு தொடங்கிய மறுகணமே ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. அந்தப் பாடகர் ஒன்றாம் கட்டையில் பாடுகிறவர். அப்பா ஹார்மோனியத்தில் அதே சுருதியைப் பிடித்துக்கொண்டு கூடவே முணுமுணுப்பார். இங்கே அவர் பள்ளிக்கூடப் பையன் போலக் கீச்சுக்குரலில் அவசர அவசரமாகப் பாடிக்கொண்டிருந்தார். கைபேசியில் சுருதிப்பெட்டியைத் திறந்து தேடினேன். இரண்டரைக் கட்டையில் வந்து பொருந்தியது.

சுழல்தட்டின் விளிம்பில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடம் எண்ணினேன். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்ற வேண்டும். இது 120 சுற்றியது. அதாவது நிமிடத்துக்கு 40. அந்த எண் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேகம் கூடியதற்குக் காரணம் மின்சாரம். எங்கள் பக்கத்தில், ஐரோப்பாவிலும்தான், மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது (50 ஹெர்ட்ஸ்). இங்கே 60 முறை. அந்தக் காலத்து டர்ன்டேபிள்கள் பலவற்றின் மோட்டார் இந்த எண்ணைத் தாளமாகக் கொண்டுதான் சுழலும். வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் அது வேகத்தை மாற்றாது. ஆகவே 220 வோல்ட்டை 110 ஆக மாற்றிக் கட்டினால் மட்டும் போதாது, மோட்டார் தண்டில் இருக்கும் புல்லி என்ற சிறு உருளையையும் மாற்ற வேண்டும். இவருடைய அப்பா வோல்ட்டை யாரிடமோ கொடுத்து மாற்றியிருக்கிறார். புல்லியைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆறுக்கு ஐந்து என்ற இந்த விகிதம் சங்கீதம் படித்தவர்களுக்குப் பழகியதுதான்: ஷட்ஜத்திலிருந்து சாதாரண காந்தாரத்துக்கு உள்ள தூரம். அந்த வீட்டில் இத்தனை வருடமும் எல்லாப் பாட்டும் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன.

அவரிடம் சொன்னேன். முகம் சுருங்கியது. "இது எப்போதும் இப்படித்தான் ஓடும்" என்றார். பேரத்துக்காகக் குறை சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அதற்குமேல் விவாதிக்காமல் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். தூக்கினேன் என்று எழுதுவது எளிது, அப்படியொரு கனம்.

வீட்டில் ஒரு வார இறுதி முழுக்கப் பல் துலக்கும் பிரஷும் பஞ்சும் ஆல்கஹாலுமாகக் கழிந்தது. காய்ந்த கிரீஸைச் சுரண்டிப் புதிதாகத் தடவியதும் கை அடக்கமாக எழுந்து, நகர்ந்து, இறங்கியது. புல்லியின் சுழற்சியைச் சுழல்தட்டுக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம் நல்லவேளையாக இறுகியிருக்கவில்லை. ஊசியை மட்டும் சோதித்துக்கூடப் பார்க்காமல் மாற்றிவிட்டேன். பழைய ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது, தேய்ந்த ஊசி தட்டைத்தான் செதுக்கும். 60 ஹெர்ட்ஸ் புல்லியை உதிரிபாகம் விற்பவர் ஒருவரிடம் சொல்லிவைத்தேன். வர மூன்று வாரம் ஆனது. பழையதைவிடச் சற்று மெலிந்தது, குறுக்களவில் ஆறில் ஐந்து பங்கு. ஒரே ஒரு திருகு, அவ்வளவுதான் வேலை. கழற்றிய பழைய புல்லியைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

என் ஆம்ப்ளிஃபயரில் இசைத்தட்டுக்கான தனி இணைப்பு இல்லை. மற்ற இணைப்பில் செருகியபோது கிணற்றுக்குள் கொசு பாடுவது போல் கேட்டது. கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். அதோடு தட்டில் வரிகளை (பள்ளங்களை) வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். இல்லையென்றால் வரிகள் அகன்று தட்டில் இடம் போதாது. 1954இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம்) வரையறைப்படி அதைத் திரும்பச் சரிசெய்ய ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சிறு பெட்டி வேண்டும். அதையும் வாங்கினேன். எர்த் கம்பியை மாட்ட மறந்து, ஒரு மாலை முழுவதும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலை ஆராய்ந்துகொண்டிருந்ததை மனைவி இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாங்கள் இருப்பது மரத்தளம் போட்ட மாடி வீடு. யாராவது நடந்தால் ஊசி துள்ளும். பாட்டு ஓடும்போது குழந்தைகள் பூனை நடை நடந்தார்கள். சுவரில் பலகை அடித்து அதன்மேல் வைத்த பிறகுதான் அவர்களுக்கு விடுதலை. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடுவதால் வினைலில் நிலைமின்சாரம் ஏறுகிறது. உறையிலிருந்து உருவும்போதே சடசடக்கும், அறையின் தூசியெல்லாம் வந்து ஒட்டும். வெக்கையிலும் புழுதியிலும் வளர்ந்த தட்டுகளுக்கு இது புதுத் தொல்லை. கார்பன் பிரஷ் ஓரளவு உதவுகிறது.

அந்த இரண்டு 78 தட்டுகளை மட்டும் இன்னும் போடவில்லை. அவை வினைல் இல்லை, அரக்கு, வரிகள் இரண்டு மூன்று மடங்கு அகலம், எல்.பி. ஊசி அதன் அடியில் போய் உரசும். அவற்றுக்கு வேறு ஊசி வேண்டும். அவற்றை ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். துடைக்கப் போன கடைசி நொடியில் இது நினைவுக்கு வந்தது. அப்பா எங்கிருந்தோ அதட்டியிருக்க வேண்டும்.

எல்லாம் சரியானதும் விற்றவருக்கு ஒரு தகவல் அனுப்பினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கையில் ஒரே ஒரு தட்டு, அவருடைய அப்பாவினுடையது, எனக்குத் தெரியாத மொழியில். பெட்டியை விற்றபோது இதை மட்டும் வைத்துக்கொண்டாராம்.

போட்டேன். கனத்த, நிதானமான ஆண் குரல். நல்ல பாட்டு. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "மெதுவாக ஓடுகிறது" என்றார். மூன்று நிமிடம் எண்ணிக் காட்டினேன், நூறு சுற்று. ஒப்புக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாரோ கிழவர் பாடுவது போல் இருக்கிறது" என்றார்.

நான் ப்ளக்கைப் பிடுங்கினேன். மேசை இழுப்பறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். சுழல்தட்டைத் தூக்கி, திருகைக் கழற்றி, பழைய புல்லியை மாட்ட ஐந்து நிமிடம் ஆனது. அதுவரை அவர் ஒன்றும் பேசவில்லை.

இந்த முறை குரல் மெலிந்து, துள்ளிக்கொண்டு வந்தது. அவருடைய விரல்கள் முழங்காலில் தாளம் போடத் தொடங்கின, பாட்டைவிட அரை நொடி முந்திக்கொண்டு. பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போடச் சொன்னார்.